எண்ணூறு ரூபாய்

அருவங்காட்டில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவிடம் பொய் சொல்லி, பதினோராயிரம் ரூபாய் பெறுகிற ஹெட்போனை எண்ணூறு ரூபாய்க்கு வாங்கி வந்தேன். அறியாமல் நடந்த காரியம் இல்லை அது. அதன் மதிப்பு எனக்குத் தெரியும். அதில் இருந்த பழுது என்ன என்று தெரியும். ஓர் ஊசியை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் அந்தப் பழுதைச் சரிசெய்துவிடலாம் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான், "ஸ்பீக்கர் போயிடுச்சும்மா, இனி இது ஆகாது" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

கையில் காசில்லாதவன் பழைய சாமான் வாங்கும்போது பேரம் பேசத்தானே செய்வான், இதில் என்ன குற்றம் என்று யாராவது என்னைத் தேற்ற வரலாம். வெகுநாள் நானே என்னை அப்படித்தான் தேற்றிக்கொண்டிருந்தேன். பேரத்துக்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமே கிடையாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பைக்காரா படகுத்துறைக்குப் போகிற பாதையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் இருபது கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். வெளியூர்க்காரர்களுக்குப் பைக்காரா என்றால் அருவியும் ஸ்பீடு போட்டும். எங்களுக்கு அணை, மின்வாரியம், மழை. 1932இல் இந்த ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் கோயம்புத்தூர் மில்கள் பெருகின என்று இங்கே பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கடையில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் உட்கார நேரம் இருக்காது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் சாக்லேட்டும் நீலகிரித் தைலமும் அடுக்கிய இடத்திலேயே இருக்கும். சம்பளமும் அதற்குத் தக்கபடிதான். வாடகை, மளிகை, மகளின் பள்ளிக்கூடச் செலவு, அம்மாவின் மாத்திரை எல்லாம் போக எனக்கென்று மாதம் இருநூறோ முந்நூறோ மிஞ்சும். அந்தப் பணத்தில்தான் பாட்டுக் கேட்கிற ஆசையை வளர்த்தேன்.

ஆசை அப்பாவிடமிருந்து வந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைத் தோட்டத் தமிழர்களைப் பிரித்துக்கொள்ளப் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று பிரித்து எழுதப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நடுவட்டத்தில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். லைன் வீட்டில் அப்பா ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருந்தார். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு, ஒற்றைக் காதில் மாட்டுகிற வெள்ளை இயர்போனைச் சொருகிக்கொண்டு இலங்கை வானொலி கேட்பார். சில ராத்திரி என்னைப் பக்கத்தில் படுக்க வைத்து, தன் காதிலிருந்து கழற்றி என் காதில் வைப்பார். அதன் சூடு எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கிறது.

புதிது வாங்க வசதியில்லாமல் பழையதையே வாங்கிக்கொண்டிருந்ததில் ஹெட்போனைப் பற்றி எனக்கு நிறையத் தெரிந்துபோயிற்று. முதலில் பார்க்க வேண்டியது காது குஷன். ரெக்சின் உறை என்றால் உரிந்து கறுப்புத் தூளாகக் கன்னத்தில் ஒட்டும். வெல்வெட் உறை என்றால் உள்ளே பஞ்சு அமுங்கித் தட்டையாகியிருக்கும். குஷன் தட்டையானால் ஸ்பீக்கர் காதுக்குக் கிட்டே வந்துவிடும், ஒலியே மாறிப்போகும். எங்கள் ஈரத்தில் பஞ்சு பூசணம் பிடிப்பது வேறு இருக்கிறது. அடுத்தது ஒயர். ஜாக்கை ஒட்டிய இரண்டு அங்குலத்தில்தான் ஒயர் பெரும்பாலும் அற்றுப்போகும். பாட்டை ஓடவிட்டு அந்த இடத்தை மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கும். அப்புறம் தனிக்குரல் பாட்டு ஒன்றைப் போட வேண்டும். குரல் நெற்றிக்கு நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மறுபக்கம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ப்ளூடூத் சமாசாரத்தைப் பழையதாக வாங்கவே கூடாது. பேட்டரி தேய்ந்திருக்கும், பல மாடல்களில் அதை மாற்றுவதும் சுலபமில்லை.

கடைசியாக மிருதங்கம். தொப்பியில் விழுகிற ஆழமான அடியில் "கிர்ர்" என்று ஓர் இரைச்சல் சேர்ந்து வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. ஸ்பீக்கரின் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது உள்ளேயுள்ள கம்பிச்சுருள் உரசலாம். அது பெரிய பழுது. இல்லையென்றால், போட்டுக்கொண்டவரின் தலைமுடி ஒன்று குஷன் வழியாக உள்ளே விழுந்து சவ்வின்மேல் கிடக்கும். நான் பார்த்தவரை இரண்டாவதுதான் அதிகம். முடியை எடுத்துவிட்டால் சத்தம் சுத்தமாகிவிடும்.

இந்த அறிவெல்லாம் காசைத் தொலைத்துக் கற்றது. ஒரு தடவை பெயர்பெற்ற கம்பெனியின் சரக்கு என்று நம்பி ஒருவரிடம் வாங்கியது அப்பட்டமான போலி. சீசன் முழுக்கச் சேர்த்த பணம் அதில் போயிற்று. அதற்குப் பிறகு என் மனசில் ஒரு கணக்கு ஏறிக்கொண்டது: எனக்கு வர வேண்டியது எங்கேயோ பாக்கி இருக்கிறது, ஒருநாள் வசூலாகும். என்னை ஏமாற்றினவன் ஒருத்தன், நான் வசூலித்தது வேறொருவரிடம். அந்தக் கணக்கில் இருந்த தப்பு அப்போது எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். கணக்கு எழுதுவதே என் தொழில்.

ஓஎல்எக்ஸில் ஒருநாள் "பழைய ஹெட்போன், பெரியது, 2000" என்று ஒரு விளம்பரம் வந்தது. கம்பெனி பெயர்கூடப் போடவில்லை. கட்டில் விரிப்பின்மேல் வைத்து எடுத்த படம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலமும் சாம்பலும் கலந்த புள்ளிப் பூச்சு, பக்கவாட்டில் கறுப்புக் கம்பி வலை. சென்ஹைசர் எச்.டி. 600, அதன் பழைய வார்ப்பு. எனக்கு மூச்சு ஒரு கணம் நின்றது.

அது என்ன பொருள் என்று சொன்னால்தான் நான் செய்ததன் அளவு புரியும். சென்ஹைசர் 1945இல் ஜெர்மனியில் தொடங்கின கம்பெனி. காதை அடைத்து மூடாமல் பின்பக்கம் திறந்திருக்கிற ஹெட்போனை 1968இல் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். எச்.டி. 600 வந்தது 1997இல். அதற்குப் பிறகு எத்தனையோ மாடல்கள் வந்து போய்விட்டன, இது மட்டும் இன்றும் விற்கிறது. பாட்டு தலைக்குள் அடைபடாமல் எதிரே உட்கார்ந்து பாடுவதுபோல் விரியும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: குஷன், தலைப்பட்டையின் பஞ்சு, ஒயர், கம்பி வலை, ஸ்பீக்கர் வரைக்கும் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். ஒயரின் முனையில் உள்ள இரண்டு பின்களில் ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. மாற்றிச் சொருகவே முடியாது. அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள். பாகங்களும் கிடைக்கின்றன. புதிது இருபதாயிரத்தைத் தாண்டும். நான் எந்தக் காலத்திலும் வாங்கியிருக்க முடியாது.

ஊட்டிக்கு வந்து குன்னூர் பஸ் பிடித்து அருவங்காட்டில் இறங்கினேன். அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்குக் கிட்டே இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன்தான் விளம்பரம் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"பைக்காராவுல இருந்தா வர்றீங்க தம்பி? இதுக்காகவா இவ்வளவு தூரம்?" என்று கேட்டு, வேண்டாம் என்றாலும் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தார். "அவர் போய் ஒரு வருஷம் ஆச்சு. சாயந்தரமானா இதை மாட்டிக்கிட்டு மணி ஐயர் பாட்டு கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பார். மூவாயிரம் கொடுத்து வாங்கினேன்னு சொன்னார். பழசாயிடுச்சு இல்ல, அதான் ரெண்டாயிரம்னு போடச் சொன்னேன்."

மூவாயிரம் என்று அவர் சொன்னவுடன் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்த மனிதர் வீட்டில் விலையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். எப்படித் தெரியும் என்றால், நானும் வீட்டில் அப்படிச் சொல்கிறவன். அந்த இடத்தில் நான் வாயைத் திறக்காமல் இரண்டாயிரத்தை எண்ணி வைத்துவிட்டு வந்திருந்தால்கூட அது அநியாய விலைதான். ஆனால் அதோடு நான் நிற்கவில்லை.

என் போனில் சொருகி மிருதங்கம் போட்டேன். இடது பக்கம் தொப்பி விழும்போதெல்லாம் இரைந்தது. மேல் ஸ்தாயியில் சுத்தமாக இருந்தது, அடி ஓய்ந்ததும் இரைச்சலும் ஓய்ந்தது. முடிதான். சந்தேகமே இல்லை. குஷனைக் கழற்றியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். கழற்றவில்லை. அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே கேட்டுப் பாருங்கம்மா" என்று அவர் தலையில் மாட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் இதை நினைத்துத்தான் அதிகம் கூசுகிறேன். கணவர் போன பிறகு அதை அவர் தலையில் வைத்துப் பார்த்திருப்பாரோ என்னவோ. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஆமா தம்பி, என்னமோ இரையுது" என்றார். அவர் காதாலேயே அவரை நம்பவைத்தேன்.

"ஸ்பீக்கர் போயிடுச்சும்மா, இனி இது ஆகாது. இதுக்குப் பாகமும் இங்க கிடைக்காது. குஷன், ஒயர் எதுக்காவது ஆகும். எண்ணூறு வேணா தரேன்."

"எண்ணூறா?" என்றார். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி எடுத்துக்கங்க. நான் வெச்சிருந்து என்ன பண்ணப் போறேன்." நான் எழுந்து வாசலுக்கு வந்த பிறகு, "இருங்க தம்பி" என்று உள்ளே போய் மேஜை இழுப்பறையைத் துழாவி, பேப்பரில் சுற்றின சின்னப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரிய ஜாக்குக்கு மாட்டுகிற அடாப்டர். "இதுவும் அதோட சேர்ந்ததுதான்." வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது மனசு உறுத்தியது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். அப்படி ஒன்றும் உறுத்தவில்லை. சந்தோஷமாக இருந்தது. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து குஷனைக் கழற்றி, அடியில் இருந்த மெல்லிய பஞ்சுவட்டத்தை எடுத்துப் பார்த்தால், நரைத்த முடி ஒன்றின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஊசி முனையால் இழுத்தேன். விரல் நீளம் வந்தது. அந்த அம்மாவின் கணவருடைய முடியாகத்தான் இருக்க வேண்டும். மறுபடி மிருதங்கம் போட்டேன். தொப்பி சுத்தமாகப் பேசியது.

"எண்ணூறுதானா? அந்தம்மா ஏன் இவ்வளவு கம்மியாக் கொடுத்தாங்க?" என்று மனைவி கேட்டாள். "பழுதுன்னு கொடுத்தாங்க" என்றேன். முதல் தடவையாக அவளிடம் விலையை உள்ளபடி சொன்னேன், அதிலும் ஒரு பொய் இருந்தது.

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். படித்தபோது வணிகச் சட்டம் ஒரு பாடம். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17ஆம் பிரிவு மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. உண்மையில்லாத ஒன்றை, அது உண்மை என்று தான் நம்பாமலே உண்மைபோல எடுத்துச் சொல்வது முதல் வகை. அதே பிரிவின் விளக்கத்தில், சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பது பொதுவாக மோசடி ஆகாது, பேச வேண்டிய கடமை இருந்தாலோ மௌனமே பேச்சுக்குச் சமமானாலோதான் ஆகும் என்று வரும். பரீட்சையில் இதை நன்றாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எதிராளிக்கு விலை தெரியவில்லை என்றால் வாங்குகிறவன் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டாயிரம் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்திருந்தால் சட்டத்தில் தப்பியிருப்பேன், மனசாட்சிக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். நான் பேசினேன். ஸ்பீக்கர் போய்விட்டது என்றேன், பாகம் கிடைக்காது என்றேன். இரண்டும் நான் நம்பாத வார்த்தைகள்.

பழைய பொருள் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அந்தக் கட்டுரை முக்கியமான காரணம். பழைய காரை விற்கிறவனுக்கு அதன் பழுது தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவன் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைக்கிறான். நல்ல கார் வைத்திருப்பவன் இந்த விலைக்கு விற்பானேன் என்று சந்தைக்கே வராமல் போகிறான். அகர்லாஃப் சொன்னதில் விற்கிறவன் கெட்டிக்காரன். அருவங்காட்டில் அது தலைகீழ். கணவன் போன பிறகு அவர் சேர்த்து வைத்த சாமான்களை விற்கிற பெண்களுக்கெல்லாம் இந்தக் கதிதான். கேமரா, டேப் ரெக்கார்டர், டெலஸ்கோப், வீணை, கடிகாரம், எதன் விலையும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் வாங்க வருகிறவன் மட்டும்தான். அவனிடமே விலை கேட்க வேண்டிய நிலை.

விற்கிறவன் நேர்மையாக இருக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். கலப்படம், எடைக்குறைவு, போலி எல்லாம் அந்தப் பக்கத்துக் குற்றம். வாங்குகிறவன் பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. குறைத்து வாங்கி வந்தால் கெட்டிக்காரன் என்று பெயர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறார்: அவர்கள் கொள்ளும்போதும் அளவு மீறவில்லை, கொடுக்கும்போதும் குறைக்கவில்லை. ஏழை என்பதால் எனக்கு அதிலிருந்து விலக்கு உண்டு என்று நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்புத்தான் என் குறை. கைநீட்டித் திருடாதவன், கடைக் கணக்கில் ஒரு ரூபாய் தவறவிடாதவன், பழைய சாமான் என்று வந்துவிட்டால் மட்டும் எனக்கு ஒரு தனி நியாயம் வைத்திருந்தேன்.

அந்த ஹெட்போனின் மின்தடை முந்நூறு ஓம். ஓம் கணக்கு அவ்வளவு இருந்தால் போன் அதை முழுசாக ஓட்ட முடியாது, தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வேண்டும். பாட்டு கேட்டது, ஆனால் சத்தம் எட்டவில்லை. மழைக்காலத்தில் அதுவும் போயிற்று. எங்கள் வீட்டுக்குத் தகரக்கூரை. பின்பக்கம் திறந்த ஹெட்போன் வெளிச்சத்தத்தைத் துளியும் தடுக்காது. ஜூலையில் பைக்காரா மழை தகரத்தில் இறங்கும்போது காதில் மணி ஐயர் பாடினாலும் யார் பாடினாலும் ஒன்றுதான்.

அடுத்த சீசனில் ஓவர்டைம் பார்த்ததில் கொஞ்சம் பணம் கையில் நின்றது. அதற்குள் உறுத்தல் தொடங்கியிருந்தது. ராத்திரி அதை மாட்டும்போதெல்லாம் அந்த அம்மா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு தலை சாய்த்தது கண்ணில் வந்தது. மூவாயிரத்தை அவருக்கு அனுப்பிவிடலாம் என்று தனியாக எடுத்து வைத்தேன். அந்தப் பணத்தில் ஆம்ப் வாங்கினேன். முதல் தப்பையாவது ஆசையின் வேகத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இது நிதானமாக, கணக்குப் பார்த்துச் செய்தது.

போகாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு நல்ல சாக்கும் கிடைத்தது. உண்மை விலையைச் சொன்னால் அவர் கணவர் சொன்ன பொய்யும் வெளியே வந்துவிடும். இறந்துபோனவரைப் பற்றி அந்த அம்மா மனசில் வைத்திருப்பதை நான் கெடுக்கலாமா? ரொம்ப நாகரிகமான காரணம். இதை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்குமேல் ஓட்டினேன்.

ஒருநாள் சாயந்தரம் மகளின் பாவாடைக்கு என் அம்மா கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். "பாட்டி, உனக்கு மிஷின்ல தைக்கத் தெரியாதா?" என்று அவள் கேட்டாள். "மிஷின் வெச்சிருந்தவதான்டி நான்" என்று அம்மா சொல்லத் தொடங்கினார். இலங்கையில் தோட்டத்துச் சம்பளத்தில் சீட்டுப் போட்டு வாங்கின தையல் மெஷின். கப்பலில் கூடவே கொண்டுவந்தது. மண்டபத்தில் கையில் காசில்லாமல் விற்க வேண்டி வந்தபோது, வாங்க வந்தவன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு இந்த நாட்டில் பாகம் கிடைக்காது என்று சொல்லி அடிமாட்டு விலைக்குத் தூக்கிப் போனான். "ஊட்டிக்கு வந்து பாத்தா கடைக்குக் கடை அதே மிஷின். பாகமெல்லாம் தொங்குது" என்றார். சின்ன வயசிலிருந்து நான் கேட்ட கதைதான். பாகம் கிடைக்காது என்ற அந்த ஒரு வார்த்தையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அடுத்த விடுமுறையில், கையில் இருந்த நாலாயிரத்தையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு அருவங்காட்டுக்குப் போனேன். ஆம்ப்பை விற்ற பணமும் அதில் சேர்த்தி. மனைவியிடம் எங்கே போகிறேன் என்று சொன்னேன், எதற்கு என்று முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. இதைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

"ஹெட்போன் தம்பியா?" என்று அடையாளம் கண்டுகொண்டார். உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முடி, குஷன், பாகம், விலை. விலையைச் சொல்கிற இடத்தில் தடுமாறினேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கடை பில். பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

"நீங்க எடுத்துட்டுப் போன கொஞ்ச நாள்ல, எல்.ஐ.சி. பேப்பர் தேடறப்போ டிரங்குப் பெட்டியில கிடைச்சுது."

"என் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சேம்மா. ஏன் கூப்பிடலை?"

"கூப்பிட்டு யாரைக் கேக்கறது? அவரையா, உங்களையா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே தொடர்ந்தார். "அவரோட டேப் ரெக்கார்டர் ஒண்ணு இருக்கு. அதையும் விக்கலாம்னு இருந்தேன். அப்புறம் வேணாம்னு விட்டுட்டேன். அது என்ன விலைன்னு யார்கிட்டப் போய் கேக்கறது, சொல்லுங்க."

ஹெட்போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். தள்ளி வைத்தார். "இதை வெச்சு நான் என்ன பண்ண. பணமாக் கொடுங்க." இப்போதைய நிலைமைக்குப் பத்தாயிரம் நியாயமான விலை, எண்ணூறு போக மீதியைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "பத்தாயிரம்னு யார் சொல்றது? நீங்கதானே?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டார். இப்போது அவன் கல்லூரிக்குப் போகிறான். பத்து நிமிஷம் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "குஷன் பழசா இருந்தாலும் பன்னண்டு வரைக்கும் கேக்கறாங்க பாட்டி" என்றான்.

"பதினொண்ணு" என்றார் அந்த அம்மா. சரி என்றேன்.

நாலாயிரத்தை வாங்கி ஒவ்வொரு நோட்டாக எண்ணினார். பரவாயில்லை என்றோ, போனால் போகட்டும் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வார் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அந்தப் பில்லின் பின்பக்கத்திலேயே பையனை எழுதச் சொன்னார்: வரவு 800, 4,000, பாக்கி 6,200. நான் கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினேன்.

"மீதி எப்போ?"

"சீசன் முடிஞ்சதும் கொண்டுவந்து கொடுத்துடறேம்மா."

"சீசன் முடிஞ்சா மழை வந்துடும், அப்புறம் உங்களுக்குச் சம்பளம் இருக்காது. மே மாசத்துக்குள்ளேயே கொடுத்துடுங்க" என்றார்.